செக் லைட்டும் டிராக்‌ஷன் லைட்டும் சேர்ந்து எரிந்தால்: பழைய காரில் எதை முதலில் பார்ப்பது

சேலம் கோரிமேட்டில், ஏற்காடு மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் எல்லாம் அப்பா பார்ப்பார். ஸ்கேனரும் வயரிங்கும் என் வேலை. மலையில் மக்கர் செய்த வண்டி அடிவாரம் இறங்கிச் சேலத்துக்குள் வரும்போது எங்கள் கடையைத் தாண்டித்தான் போகும். அதனால் பத்து, பதினைந்து வருடப் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் இந்தப் புகாரை அடிக்கடி கேட்கிறேன்: "ஆக்சிலேட்டர மிதிச்சா வண்டி கேக்கவே மாட்டேங்குதுங்க. மீட்டர்ல ரெண்டு மூணு லைட்டு சேந்து எரியுது. திராட்டில் பாடி போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க."

அந்த லைட்டுகள் பெரும்பாலும் எஞ்சின் பழுதைச் சொல்லும் செக் லைட்டும், சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கண்ட்ரோலின் லைட்டும்தான். அந்தப் புகாரின் கடைசி வாக்கியத்தை நம்பிப் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் படிக்கத்தான் இதை எழுதுகிறேன். எஞ்சினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் திராட்டில் பாடி கடைசியில் கை வைக்க வேண்டிய பொருள். அதற்கு முன்னால் சில நூறு ரூபாயில் முடிகிற இடங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை ஒரு வரிசையில் பார்த்தால் பாதிக்குப் பாதி வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு மல்டிமீட்டர், காரில் பதிவான பழுதைப் படித்துச் செல்போனில் காட்டும் சின்ன ஓபிடி ஸ்கேனர், உப்புத்தாள், உதவிக்கு ஒரு ஆள் இருந்தால் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது

பழைய மாருதி 800-இல் ஆக்சிலேட்டரை மிதித்தால் கேபிள் இழுத்து நேராகக் காற்றுவழியைத் திறக்கும். எலக்ட்ரானிக் திராட்டிலில் அந்தக் கேபிள் கிடையாது. பெடலில் ஒரு சென்சார் இருக்கிறது, அது எவ்வளவு மிதித்தீர்கள் என்பதை வோல்டேஜாக எஞ்சினின் கம்ப்யூட்டரான இசியுவுக்குச் சொல்கிறது. இசியு யோசித்து, திராட்டில் பாடியில் உள்ள சின்ன மோட்டாரை ஓட்டி, தகட்டைத் திறக்கிறது. தகடு சொன்ன அளவுக்குத் திறந்ததா என்று பார்க்க அங்கேயும் சென்சார் உண்டு.

பெடலில் ஒன்றல்ல, இரண்டு சென்சார். திராட்டிலிலும் இரண்டு. ஒரே சம்பவத்துக்கு இரண்டு சாட்சிகளை விசாரிக்கிற மாதிரி, இரண்டும் சொல்வது ஒத்துப்போகிறதா என்று இசியு ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். பல கார்களில் பெடலின் ஒரு சென்சார் காட்டுவதில் பாதியை மற்றது காட்டும். திராட்டிலில் ஒன்று ஏற ஏற மற்றது இறங்கும், இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 5 வோல்ட் வரும். கணக்கு தப்பினால் இசியு யாரையும் நம்பாது. மோட்டாருக்குப் போகிற கரண்ட்டை நிறுத்திவிடும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தகட்டை லேசாகத் திறந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும், வண்டி ஊர்ந்து போகும், அவ்வளவுதான். இதைத்தான் லிம்ப் மோடு என்கிறார்கள். வண்டி கெட்டுப்போனதால் வருகிற நிலை என்று இதை நினைக்காதீர்கள். உங்கள் கால் சொல்லாத வேகத்தை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு.

டிராக்‌ஷன் லைட் இதில் ஏன் சேர்ந்து எரிகிறது? டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்கு என்று தனியாகக் கை கால் கிடையாது. ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றினால், பிரேக் பிடிக்கையில் சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் ஏபிஎஸ் யூனிட்டைக் கொண்டு அந்தச் சக்கரத்தைப் பிரேக் பிடிக்கும், இல்லையென்றால் இசியுவிடம் "திராட்டிலைக் குறை" என்று கேட்கும். திராட்டிலே முடங்கிக் கிடக்கும்போது யாரிடம் கேட்பது? அதனால் தன்னைத் தானே அணைத்துக்கொண்டு லைட்டைப் போடுகிறது. டிராக்‌ஷன் சிஸ்டம் முழுக்க நல்லபடி இருந்தாலும் இந்த லைட் எரியும். இது தெரியாமல் ஏபிஎஸ் யூனிட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

இந்தியாவில் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய காரில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்கிறது என்றால் அநேகமாக அது அந்தக் காலத்து மேல் மாடல். பாகங்கள் விலை அதிகம், சிலதற்குக் கிடைப்பதும் கஷ்டம். அதனால்தான் ஊகத்தில் மாற்றாதீர்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

லைட்டுகளைச் சேர்த்துப் படியுங்கள்

எந்த லைட் எதோடு சேர்ந்து எரிகிறது என்பதே பாதி விடை. செக் லைட்டும் டிராக்‌ஷன் லைட்டும் எரிந்து வண்டி இழுக்கவில்லை என்றால் எஞ்சின் பக்கம் பாருங்கள்: வோல்டேஜ், எர்த் (பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் சேர்க்கும் இணைப்பு), பெடல், திராட்டில். ஏபிஎஸ் லைட்டும் டிராக்‌ஷன் லைட்டும் எரிந்து, வண்டி வழக்கம்போல இழுக்கிறது என்றால் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார் பக்கம். ஏர்பேக், ஸ்டியரிங், ஏபிஎஸ் என்று மீட்டர் முழுக்கக் கொத்தாக எரிந்தால் பேட்டரியும் சார்ஜிங்கும்தான் முதல் சந்தேகம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா பெட்ரோல் கார்களில் திராட்டில் சங்கதிக்கு என்றே இபிசி என்ற எழுத்தோடு தனி லைட் இருக்கும்.

டிராக்‌ஷன் லைட் விட்டு விட்டு மின்னினால் அது பழுதே இல்லை. அந்த நொடியில் அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதல் மழைக்குப் பிறகு ஏற்காடு ரோட்டில் சில்வர் ஓக் சருகு நனைந்து கிடக்கும். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கச் சக்கரம் அதில் வழுக்கினால் லைட் மின்னும், எஞ்சின் ஒரு கணம் அடங்கும், பிறகு இழுக்கும். "வளைவுல மட்டும் பிக்கப் விழுதுங்க" என்று வருகிறவர்களில் சிலருக்கு நான் சொல்கிற பதில், டயரைப் பாருங்கள் என்பதுதான். எஸ்டேட் மண்பாதையில் சேற்றில் மாட்டிக்கொண்டால் மட்டும் பட்டனை அழுத்தி டிராக்‌ஷனை அணைத்து வெளியே வாருங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். பட்டன் அழுத்தப்பட்டதாலேயே லைட் எரிந்துகொண்டிருக்க, அதைப் பழுது என்று கொண்டுவருவதும் நடக்கிறது. ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பழுதல்லாத இன்னொன்று உயரம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. மேலே காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினின் சக்தி பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்கும். கீழே பாதி மிதித்தால் கிடைக்கிற இழுவைக்கு மேலே முக்கால் மிதிக்க வேண்டியிருக்கும். லைட் எதுவும் எரியாமல், மேலே போகப் போக மெல்ல மந்தமாகி, கீழே வந்ததும் சரியாகிவிட்டால் திராட்டிலைக் குறை சொல்லாதீர்கள். ஏர் ஃபில்டரை மட்டும் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டை லாரித் தூசியும், வெள்ளைக்கல் சுரங்கப் பக்கத்துப் புழுதியும் சேர்ந்தால் அது சீக்கிரமே அடைத்துவிடும்.

மலையிலேயே நின்றுவிட்டால்

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் எங்காவது லிம்ப் மோடு வந்தால் மேலே ஏறியே தீருவேன் என்று முயல வேண்டாம். ஹசார்டு லைட்டைப் போட்டு, வளைவிலேயே நிற்காமல், வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் ஓரம் கட்டுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள், தயவுசெய்து. நடுரோட்டில் விட்ட கல் ராத்திரி பனியில் வருகிற பைக்காரருக்குத் தெரியாது.

சாவியை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் பல சமயம் பழுது தற்காலிகமாக விலகி வண்டி இழுக்கும். அப்படி வந்தால் திரும்பிக் கீழே இறங்குவதே நல்லது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இரண்டாவது கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டவோ, எஞ்சினை அணைத்து இறங்கவோ கூடாது. எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காது, இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும். ஏபிஎஸ் லைட் எரிந்தாலும் சாதாரண பிரேக் பிடிக்கும், சக்கரம் லாக் ஆகாமல் காப்பாற்றுகிற உதவி மட்டும்தான் இருக்காது. அதனால் முன் வண்டிக்கு இடைவெளி விட்டுப் போங்கள்.

இதற்கு நேர்மாறாக, காலை எடுத்த பிறகும் வண்டி ரேஸ் ஆகிக்கொண்டே போனால்: பிரேக்கை ஒரே அழுத்தாக, பலமாக மிதித்துப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்காதீர்கள். திராட்டில் திறந்திருக்கும்போது வாக்குவம் சேராது, ஒவ்வொரு மிதியும் மிச்சமிருப்பதைக் காலி செய்யும். உடனே நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் கத்தட்டும், பரவாயில்லை. வண்டி நின்ற பிறகு அணையுங்கள். ஓடும்போது சாவியைக் கடைசி வரை திருப்பி உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிறகு குனிந்து பெடலுக்கடியில் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இரண்டாவதாகப் போட்ட ரப்பர் மேட் நகர்ந்து வந்து பெடலைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேட்டுக்கு மேல் மேட் போடாதீர்கள்.

பழுதுக் கோடை அழிக்காமல் படியுங்கள்

லைட் எரிந்ததும் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுவது நம் ஊரில் ஒரு வைத்தியமாகவே ஆகிவிட்டது. அதைச் செய்யாதீர்கள். பதிவான கோடும் (பழுது எங்கே என்று சொல்லும் எண்), பழுது வந்த நேரத்தில் எஞ்சின் என்ன வேகம், என்ன சூடு என்று சேர்த்து வைத்த குறிப்பும் அழிந்துபோகும். சில கார்களில் திராட்டில் கற்றுவைத்த அளவும் போய்விடும். முதலில் ஸ்கேனரை மாட்டிப் படித்து, போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பிஎஸ்-4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2013 ஏப்ரலில் ஓபிடி-2 கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில் சிலது மலிவான ஸ்கேனரோடு பேசாது. இன்னொரு விஷயம், மலிவு ஸ்கேனர் எஞ்சின் கோடைத்தான் காட்டும், ஏபிஎஸ் யூனிட்டின் கோடைப் பெரும்பாலும் காட்டாது. "கோடே இல்லீங்க" என்றால் எஞ்சின் பக்கம் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பி 2135 என்றால் திராட்டிலின் இரண்டு சென்சாரும் ஒத்துப்போகவில்லை. பி 2138 என்றால் பெடலின் இரண்டு சென்சாரும் ஒத்துப்போகவில்லை. பி 2101, பி 2119 வந்தால் மோட்டார் சொன்ன இடத்துக்குத் தகடு போய்ச் சேரவில்லை. பி 0504 பிரேக் சுவிட்ச். பி 0562 வோல்டேஜ் குறைவு. யு எழுத்தில் தொடங்கினால் ஒரு யூனிட் இன்னொன்றோடு பேச முடியவில்லை. இதில் எதுவும் "இந்தப் பாகத்தை மாற்று" என்று சொல்லவில்லை, கவனியுங்கள். எங்கே கணக்கு தப்பியது என்று மட்டுமே சொல்கிறது. பி 0562 கூடவே இருந்தால் மற்றதை எல்லாம் ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும்.

வோல்டேஜும் எர்த்தும்

அப்பாவின் காலத்தில் ஸ்கேனர் கிடையாது. ஆனால் எந்த வண்டி வந்தாலும் "மொதல்ல எர்த்தப் பாரு" என்பார். இன்றைக்கு இத்தனை எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. சென்சார்கள் 5 வோல்ட்டுக்குள் கணக்குப் பார்க்கின்றன. எர்த்தில் அரை வோல்ட் தொலைந்தால் சாட்சிகள் இருவரும் சொல்வது மாறிப்போகும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரியை அளந்து பாருங்கள்: 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். பிறகு எர்த்: மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.3, 0.5 என்று காட்டினால் அங்கேயே நின்று வேலையைத் தொடங்குங்கள். அடுத்து சிவப்பு முனையை பாடிக்கு மாற்றி இதே அளவை எடுங்கள். ஓம்ஸில் வைத்துப் பார்த்து "கன்டினியூட்டி இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் ஓம்ஸ் நல்லதாகக் காட்டும், கரண்ட் பாயும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஏற்காட்டிலிருந்து ஒரு டீச்சர் தன் பழைய பெட்ரோல் காரைக் கொண்டுவந்தார். சேலத்துக்குள் எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் இல்லை. மலையேறினால் பத்தாவது வளைவு தாண்டியதும் இரண்டு லைட்டும் எரிந்து வண்டி ஊரும். ஓர் ஒர்க்‌ஷாப்பில் திராட்டில் பாடிக்கு எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். "டீச்சர், இது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கடைசியா என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டேன். "கிளட்ச் மாத்துனோம்மா." அந்தப் பதில் போதுமாக இருந்தது. கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போது எர்த் பட்டையைக் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டும்போது துருவுக்கு மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். சும்மா நிற்கும்போது மீட்டர் நல்லதாகக் காட்டியது. ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்து, எஞ்சினைக் கொஞ்சம் அசைத்ததும் 0.8 வோல்ட். மலையில் ஃபேன் நிற்காமல் ஓடும், வளைவுக்கு வளைவு எஞ்சின் மவுண்ட்டில் ஆடும், அதுதான் அங்கே மட்டும் வந்தது. துருவை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, புது போல்ட், நட்சத்திர வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவினோம். அதன் பிறகு அந்த லைட் வரவில்லை.

அதனால் பழுதுக்கு முன் வண்டியில் என்ன வேலை நடந்தது என்பதை யாரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் விட்டது, சஸ்பென்ஷன் பார்த்தது, ஸ்டீரியோ மாற்றியது, எல்லாமே துப்பு.

பிரேக் சுவிட்ச், பெடல், கப்ளர்

பிரேக் லைட் சுவிட்சில் இரண்டு தொடர்புகள் இருக்கும். ஒன்று பின் விளக்குக்கு, இன்னொன்று இசியுவுக்கு. பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒரே நேரத்தில் மிதிபடுவதாகத் தெரிந்தால் இசியு சக்தியைக் குறைத்துவிடும். பின்னால் ஒருவரை நிற்கவைத்து, பிரேக் பெடலைக் கால் விரலால் மெல்லத் தொட்டும் விட்டும் பாருங்கள். விளக்கு தாமதமாக அணைந்தாலோ, துடித்தாலோ சுவிட்சை மாற்றுங்கள். இந்தப் பட்டியலிலேயே மலிவான பாகங்களில் ஒன்று.

பெடலைச் சோதிக்க எஞ்சின் அணைந்திருக்க, சாவியை ஆனில் வைத்து, ஸ்கேனரில் பெடல் பொசிஷன் டி, இ இரண்டையும் வரைபடமாகப் போடுங்கள். பத்து எண்ணுகிற நேரத்தில் மெதுவாகக் கடைசி வரை மிதித்து, அதே மெதுவில் விடுங்கள். வரைபடத்தில் இரண்டு கோடுகளும் குலுங்காமல் ஏறி இறங்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் சட்டென்று பள்ளம் விழுந்தால், அதே இடத்தில் மறுபடி விழுகிறதா பாருங்கள். பழைய பெடல்களில் கார்பன் தடத்தின் மேல் ஒரு முள் உரசிக்கொண்டே போகும். தினமும் கால் நிற்கிற இடம்தான் முதலில் தேயும். அது தேய்ந்துவிட்டால் பெடலை மாற்றத்தான் வேண்டும், கிளீனர் அடித்து ஒப்பேற்றுகிற வேலையை உயிர் சம்பந்தப்பட்ட இந்த இடத்தில் செய்யாதீர்கள். டொயோட்டாவின் தானே வேகமெடுக்கும் புகார்களை ஆராய்ந்த நாசா, 2011 அறிக்கையில், அதற்கு எலக்ட்ரானிக் காரணம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பழுதான ஒரு பெடல் சென்சாருக்குள் வெள்ளீயம் மயிரிழை போல வளர்ந்து ஷார்ட் ஆகியிருந்ததைக் கண்டது. பழைய பெடலுக்குள் என்னவெல்லாம் நடக்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

டீசல் கார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டீசலில் சக்தியைக் கூட்டுவது குறைப்பது இன்ஜெக்டர் வழியாக. காற்றுவழித் தகடு இஜிஆருக்கும் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஏற்பாடு), அணைக்கும்போது குலுங்காமல் நிற்பதற்கும்தான். அதனால் டீசல் லிம்ப் மோடில் திராட்டில் தகட்டை விடப் பெடல், டர்போ, இஜிஆர் இவற்றின் மேல்தான் சந்தேகம் அதிகம்.

பிறகு கப்ளர்கள், அதாவது வயர்களை மாட்டும் பிளக்குகள். பெடல், திராட்டில் பாடி, இசியு மூன்றின் கப்ளரையும் சாவியை எடுத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்திருக்கிறதா, பின் ஏதாவது உள்ளே போயிருக்கிறதா, ரப்பர் சீல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காண்டாக்ட் கிளீனரை விட்டுக் காயவிட்டு மாட்டுங்கள். மேலே பனியில் நிற்கிற வண்டிகளில் பச்சை பூப்பது அதிகம். எஸ்டேட் வீடுகளில் எலித் தொல்லையும் உண்டு. சூடான எஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து வயரைக் கடிக்கும். கடித்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது இந்த இடத்துக்கு ஆகாது. ஈயம் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். எஞ்சின் அறைக்குள் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று வாட்டர் சர்வீஸ் தம்பியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

திராட்டிலைச் சுத்தம் செய்வது

இவ்வளவும் சரியாக இருந்தால் இப்போது திராட்டில் பாடி. அதையும் மாற்றுவதற்கு முன் துடைத்துப் பாருங்கள். தகட்டின் விளிம்பில் கரி படிந்தால் அது முழுக்க மூடாது, ஐட்லிங் ஆடும், பி 2119 மாதிரி கோடு வரும். சாவியை எடுத்து, சில நிமிடம் பொறுத்து, கப்ளரைக் கழற்றுங்கள். கப்ளர் மாட்டியிருக்கும்போது உள்ளே விரலை விடவே கூடாது. தகடு சட்டென்று மூடினால் விரலைக் கடிக்கும், நீங்கள் நெம்பினால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரம் போகும். பாடியைக் கழற்றி எடுத்து, தகட்டை மெல்லத் தள்ளிப் பிடித்து, திராட்டில் கிளீனரில் நனைத்த துணியால் விளிம்பைத் துடையுங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம். மோட்டார் இருக்கிற பக்கம் திரவம் வழிய விடாதீர்கள். சில பாடிகளில் தகட்டைச் சுற்றி மெல்லிய கருமையான பூச்சு கம்பெனியிலிருந்தே வரும், அது அழுக்கில்லை, சுரண்டிவிடாதீர்கள்.

துடைத்த பிறகு ஐட்லிங் ஏறி நிற்கும். கரி இருந்த காலத்து மூடும் அளவை இசியு இன்னும் நினைவில் வைத்திருப்பதே காரணம். புதிய அளவைக் கற்றுக்கொடுக்க வேண்டும். சில கார்களில் பெடலைத் தொடாமல் சாவியை ஆனில் சிறிது நேரம் வைத்து, பிறகு ஐட்லிங்கில் ஓடவிட்டாலே கற்றுக்கொள்ளும். பல கார்களில், ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக் கார்கள் போல, ஸ்கேனர் வழியாகத்தான் அடாப்டேஷன் போட வேண்டும். உங்கள் மாடலின் முறையைத் தெரிந்துகொண்ட பிறகே கப்ளரைக் கழற்றுங்கள். மாற்றியே ஆக வேண்டும், சென்னைப் புதுப்பேட்டையில் பழையது வாங்குகிறேன் என்றால், பாகத்தின் எண் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருப்பதை நம்பாதீர்கள்.

ஏபிஎஸ் லைட்டும் சேர்ந்து எரிந்தால்

இது சக்கரத்தின் கதை. முதலில் டயர். நான்கும் ஒரே அளவா? ஸ்டெப்னி போட்டு ஓடுகிறீர்களா? ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் மொட்டையுமாக இருந்தால் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், டிராக்‌ஷன் அதை வழுக்கல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஏபிஎஸ் படிக்கிற ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் போட்டு, நேர் ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். மூன்று 20 காட்ட ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் அதுதான் ஆள். சிக்னலில் நிற்கப் போகும் கடைசி நொடியில் பிரேக் பெடல் டிக் டிக்கென்று உதைக்கிறது என்றால் இதே சங்கதி. ஒரு சென்சாரின் சிக்னல் வலுவிழந்து, குறைந்த வேகத்தில் மற்றவற்றுக்கு முன்பே மறைகிறது. அந்தச் சக்கரம் லாக் ஆகிவிட்டது என்று ஏபிஎஸ் நினைத்துக்கொள்கிறது.

சென்சாரை மாற்றுவதற்கு முன் கழற்றி அதன் முனையையும் உட்காரும் குழியையும் பாருங்கள். குழிக்குள் துரு பொங்கினால் சென்சாரை மேலே தூக்கிவிடும். சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்க வேண்டும். பழைய வகை சென்சாரின் முனை காந்தம் என்பதால் பிரேக் டிஸ்க்கின் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருக்கும். கஞ்சமலைப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அந்த ஊர் மண்ணில் காந்தத்தை வைத்தால் கறுப்பு மணல் ஒட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். துடைத்து, துருவைத் தேய்த்து, திரும்ப மாட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடுகின்றன.

பழைய இரண்டு வயர் வகையை ஓம்ஸில் அளக்கலாம், பெரும்பாலும் 1,000-க்கும் 2,000-க்கும் இடையே இருக்கும். எதிர்ப்பக்கத்துச் சென்சாரோடு ஒப்பிடுங்கள். புது வகை சென்சாருக்குள் எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, அதை ஓம்ஸில் அளந்து "போச்சு" என்று சொல்லக் கூடாது. அந்த வகையில் பல் வளையத்துக்குப் பதில் வீல் பேரிங்கின் சீலிலேயே காந்த வளையம் இருக்கும். பேரிங் மாற்றும்போது பக்கம் மாற்றி அடித்துவிட்டால் சென்சாருக்கு எதுவும் தெரியாது. பேரிங் மாற்றிய மறுநாளே லைட் வந்தால் அதைத்தான் கேளுங்கள்.

வளைவில் மட்டும் லைட் வருகிறது என்றால் வயர். முன் சக்கர சென்சாரின் வயர் ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் மடங்கி நிமிரும். ஏற்காடு ரோட்டில் ஒரு தரம் ஏறி இறங்கினால் நாற்பது முறை நன்றாக மடங்கும். மேலுறை நல்லபடி இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஸ்டாண்டில் தூக்கி, ஸ்டியரிங்கை முழு லாக் வரை திருப்பிக்கொண்டே, மீட்டரைப் பார்த்தபடி வயரை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பாருங்கள். எண் துள்ளுகிற இடத்தில்தான் அறுந்திருக்கும். இரண்டு வயரும் ஒன்றோடொன்று முறுக்கியபடி வந்தால், ஒட்டுப்போட்ட பிறகும் அந்த முறுக்கை அப்படியே வையுங்கள். வெளியிலிருந்து வரும் மின் குறுக்கீடு சிக்னலில் கலக்காமல் இருக்கத்தான் அப்படி முறுக்கியிருக்கிறார்கள். வீல் அலைன்மென்ட் செய்த பிறகு டிராக்‌ஷன் லைட் மட்டும் தனியாக வந்து நின்றால் வேறு எதையும் கழற்றாமல் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனரில் நேராக்கிப் பாருங்கள்.

எது சரி செய்திருந்தாலும், கோடை அழித்துவிட்டு அன்றைக்கே குடும்பத்தோடு மேலே போகாதீர்கள். முதலில் தனியாக, வாகனம் குறைவான காலை நேரத்தில், அடிவாரத்திலிருந்து நாலைந்து வளைவு ஏறி இறங்குங்கள். ஃபேன் ஓட வேண்டும், ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டிருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஸ்டியரிங் முழுக்கத் திரும்ப வேண்டும். அடுத்த நாள் ஏற்காட்டுக்குப் போகும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியாகவும் ஒரு முறை போய் வாருங்கள். வந்ததும் லைட் எரியாவிட்டாலும் ஸ்கேனரை மாட்டி, பென்டிங் கோடு ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழுது மிச்சமிருந்தால் மீட்டரில் தெரிவதற்கு முன்பே அங்கே எழுதியிருக்கும்.